கான்டெசாவுக்கு எஞ்சின் மாற்றப் போகிறீர்களா? முதலில் துருவைப் பாருங்கள்

கான்டெசா வைத்திருக்கும் நிறையப் பேர் எஞ்சின் வேலையை ஆரம்பிப்பதே தலைகீழாகத்தான். சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் ஒருத்தரிடம் ஜப்பான் கம்பெனியான இசுசுவின் எஞ்சின் இருக்கிறதாம், விலை சல்லிசாம் என்று போனில் படம் வந்த உடனே அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள். குறைந்த காசில் முடிய வேண்டும் என்றால் எஞ்சின்தான் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். அதிலும் நம்ம ராமநாதபுரம் பக்கம், தொண்டியில் இருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் எங்கே வண்டி நின்றாலும், எஞ்சினுக்கு முன்னால் பாடிதான் போகும். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், வாடை அடித்தாலும் உப்பு, கச்சான் காற்று அடித்தாலும் உப்பு.

அமெரிக்காக்காரர்களுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. அவர்களுடைய மசில் காரில், அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் காரில், வி8 எஞ்சின் செத்தால், காயலான் கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு செவர்லே எல்.எஸ். எஞ்சினை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். 1997-இல் இருந்து லட்சக்கணக்கில் ஓடிய எஞ்சின், அதை மாட்டுவதற்கான பிராக்கெட்டே கடையில் ரெடிமேடாக விற்கிறது. நம்ம ஊர் மசில் கார் என்று செல்லமாகச் சொல்லப்படும் கான்டெசாவுக்கு அந்த வசதி இல்லை. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் பாடியை வாங்கி, அதில் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினைப் போட்டு 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட வண்டி அது. ஐம்பது குதிரைத்திறன் பக்கம்தான் வரும், பாடியோ ஒரு டன்னுக்கு மேல். பார்க்க ரவுடி மாதிரி இருக்கும், ஓவர்டேக் செய்யப் போனால் லாரிக்காரர் சிரிப்பார். பிறகு இசுசுவின் 1.8 பெட்ரோலும் ஐந்து கியரும் வந்ததும்தான் முகத்துக்கு ஏற்ற வேகம் வந்தது. அப்புறம் இசுசு 2.0 டீசல். 2002-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. எனவே இனிமேல் நமக்குக் கிடைப்பது எல்லாம் ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சாமான்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சரி, முதல் வேலை. ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் காந்தம், ஒரு டார்ச். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். எஞ்சினைத் தாங்கும் முன்பக்க கிராஸ் மெம்பர் பாடியோடு சேரும் இடங்கள், பேட்டரி தட்டுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கு மேலே உள்பக்கத் தகடு, டிரைவர் காலடித் தரை, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் தரை, இத்தனையையும் ஸ்க்ரூடிரைவரால் நன்றாக அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு ‘டக்’ என்று சொல்லும். துருப்பிடித்தது சத்தமே போடாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும், எடுக்கும்போது முனையில் அடுக்கடுக்காகச் செம்பொடி ஒட்டியிருக்கும். பெயின்ட் பளபளவென்று இருக்கும் இடத்தில் காந்தத்தை வையுங்கள், ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை. கதவில் பட்டி இருந்தால் போகட்டும் என்று விடலாம். கிராஸ் மெம்பர் பக்கம் பட்டி இருந்தால் எஞ்சின் பேச்சையே நிறுத்திவிட்டு, டிங்கர் வேலை செய்பவரிடம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகை கையில் உள்ளதில் பாதியைத் தாண்டினால் இந்த வண்டி வேண்டாம், நல்ல பாடியுள்ள இன்னொன்றைத் தேடுங்கள். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் 1.8 எஞ்சினின் இழுவை துருப்பிடித்த தகட்டில் விழுந்தால் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

பாடி தேறிவிட்டதா? அடுத்த கேள்வி, எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்பது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்குக்கும் இடையில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விஷயம் இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது, ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஹெட் வேலையோடு முடிகிற விஷயத்துக்கு முழு எஞ்சினை மாற்றாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகை) புஸ் புஸ்ஸென்று முகத்தில் அடிக்கிறது, நாலு சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருக்கிறது என்றால்தான் அது மாற்ற வேண்டிய எஞ்சின்.

அப்போதும் வழி ஒன்றல்ல. உங்கள் வண்டியில் இருப்பது பழைய 1.5 என்றால், அதையே போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கிரைண்ட் செய்து எடுப்பதுதான் ஆகக் குறைந்த செலவு. அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்ததால் பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. அப்படிச் செய்தால் ஹெட்டைக் கழற்றும்போதே எக்சாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வைத்துவிடச் சொல்லுங்கள், ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது, அந்தக் காலத்து எஞ்சினின் வால்வு சீட் அந்த ஈயத்தை நம்பிச் செய்தது. வேகம் வேண்டும் என்பவர்களுக்கு 1.8 இசுசு பெட்ரோல். அது கான்டெசாவில் மட்டும் அல்ல, அம்பாசடர் 1800-இலும் வந்தது என்பது நிறையப் பேர் மறந்த சமாச்சாரம், தேடும்போது இரண்டு பெயரையும் சொல்லித் தேடுங்கள். புதுக் காலத்து எஞ்சின் எதையாவது கம்ப்யூட்டர், வயரிங், சென்சார் எல்லாவற்றோடும் போடலாம் என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முடியாத காரியம் இல்லை. ஆனால் உப்புக்காற்றில் ஒரு கனெக்டர் பச்சை பூத்தால் ராமநாதபுரத்தில் அதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?

டீசல் போட்டால் செலவு மிச்சம் என்பார்கள். ஒரு காலத்தில் மட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் போட்ட அம்பாசடர் ஊருக்கு ஊர் ஓடியது உண்மைதான், யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ரக எஞ்சின், அதே எரிபொருள் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரை ஏற்றிக்கொள்ளலாம். சி.சி. மாறினாலே கேள்வி வரும், பெட்ரோல் வண்டி டீசலாக மாறினால் கேள்வி பெரிதாகும். ஆகவே எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், இன்ன எஞ்சின் போட நினைக்கிறேன், அனுமதி கிடைக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடியாது என்றால் 1.5-ஐயே சரி செய்துகொள்ளுங்கள், பணமும் மிச்சம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது ஆய்வாளர் பிளாக்கில் பொறித்த நம்பரைப் பார்ப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லை என்றால் விபத்தன்று அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இனி வாங்குவது. மதுரையோ புதுப்பேட்டையோ, கழற்றிப்போட்ட எஞ்சினைவிட இன்னும் வண்டியில் இருக்கும் எஞ்சின் நல்லது, ஏனென்றால் ஓடவிட்டுப் பார்க்கலாம். காலையில் போய், கையை வைத்துப் பார்த்து, பிளாக் குளிர்ந்து இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். ஓட முடியாத எஞ்சின் என்றால் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது. அப்புறம் அதே புல்லியை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள், ‘டொக் டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். ஆயில் மூடிக்குக் கீழே மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. எஞ்சின் நம்பர் தேய்க்கப்பட்டோ மேலே வெல்டிங் வைக்கப்பட்டோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியது வாங்கியவர்தான். பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல், அந்த வண்டியை உடைப்பதற்காகப் பதிவு ரத்து செய்த தாள், மூன்றும் கையில் வந்த பிறகு மீதிப் பணம்.

கம்மிக் காசு என்பது இங்கேதான் முடிவாகிறது. வெறும் எஞ்சின் ஒரு விலை, கியர்பாக்ஸோடு சேர்த்து முழு செட் கொஞ்சம் கூடுதல் விலை சொல்வார்கள். யோசிக்காமல் முழு செட்டை எடுங்கள். பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், இரண்டு மேனிஃபோல்டு, மவுண்டிங் பிராக்கெட்டுகள், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், ரேடியேட்டர், ஃபேன் கவர், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், எஞ்சின் பக்க வயரிங். ‘அந்தச் சின்னச் சின்ன சாமான் எல்லாம் எங்கே வேணாலும் கெடைக்கும் தம்பி’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அதையும் கோணியில் கட்டச் சொல்லுங்கள். கிடைக்கும்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் டிக்கெட் ஆகும். உங்கள் ஆர்.சி.யே டீசல் என்று இருந்து டீசல் எஞ்சின்தான் மாற்றுகிறீர்கள் என்றால் ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்கம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் சக்தி தருவது அதுதான், அது இல்லாமல் ஓட்டினால் பிரேக் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

மெக்கானிக் விஷயத்தில் நம்ம கடலோரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக்குகளும் லேத்காரர்களும் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் எங்கும் இருக்கிறார்கள். எஞ்சினைத் தூக்கி இறக்குவது அவர்களுக்குக் கைவந்த வேலை, செயின் பிளாக் கையிலேயே இருக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு எந்த பேரிங் கத்துகிறது என்று சொல்லிவிடுவார்கள். டீசலுக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. கார்புரேட்டர், பாயின்ட் செட்டிங் மட்டும் பழைய அம்பாசடர் டாக்ஸி பார்த்த ஆளிடம் கொடுங்கள். ஆனால் போகும் காலத்தைப் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும், அந்த இரண்டு மாதம் லேத்தில் உங்கள் கார் சாமானுக்கு இடமே கிடைக்காது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு போனால் நின்று நிதானமாகச் செய்து கொடுப்பார்கள், கூலியும் பேசலாம்.

கழற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மவுண்டிங் போல்ட், எக்சாஸ்ட் நட்டு, கியர்பாக்ஸ் போல்ட் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள், தினமும் சாயங்காலம் ஒருமுறை. உப்புக்காற்றில் நின்ற போல்டை அன்றைக்கே திருகினால் தலை தனியாகக் கையில் வரும். பேட்டரியைக் கழற்றுவது முதல் வேலை. பிறகு ஒவ்வொரு வயரையும் ஓஸையும் போனில் படம் எடுத்து, டேப் ஒட்டி நம்பர் போட்டு, அப்புறம் பிரியுங்கள். பானட் கீல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள், இல்லை என்றால் திரும்ப மாட்டும்போது இடைவெளி ஒரு பக்கம் விரல் போகும், மறுபக்கம் பெயின்ட் உரசும். பெட்ரோலை முழுக்க வடித்து, கேனை வேலை நடக்கும் இடத்தில் இருந்து தள்ளி வையுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கக்கூடாத எடை, வேப்பங்கிளையிலோ ஷெட்டின் பனை உத்திரத்திலோ தொங்கவிடாமல் ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்புக் குழாய் முக்காலியும் வாடகைக்கு எடுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்டு இல்லை என்றால் அந்த வேலையை அன்றைக்குச் செய்ய வேண்டாம்.

எஞ்சின் வெளியே வந்து பானட்டுக்குள் வெறும் குழியாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் நிறையக் காசு மிச்சமாகும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயின்ட். அதே நேரத்தில் புது எஞ்சின் தரையில் இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், மவுண்டிங் ரப்பர், எல்லா ஓஸும் மாற்றிவிடுங்கள். இசுசு டீசல் என்றால் டைமிங் பெல்ட்டும். ‘இப்போதான் மாத்தினது’ என்று யார் சொன்னாலும் சரி. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடாக அடித்திருக்கும் வெல்ஷ் பிளக்குகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நம்ம பக்கம் ஓடிய வண்டியின் எஞ்சின் என்றால் அநேகமாக ஒன்றாவது உள்ளிருந்து அரித்து, காகிதம் போல் மெலிந்திருக்கும். காரணம் தெரிந்ததுதான். குடிக்கக் காவிரித் தண்ணீர், ரேடியேட்டருக்கு மட்டும் போர்த் தண்ணீர். இந்த எஞ்சினுக்காவது கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். பெட்ரோல் லைன் ரப்பர், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக வாங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறிப்போகும், எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், கடலோரத்தில் நிற்கும் வண்டியின் டேங்கில் அது துருவாக இறங்கும். நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

மாட்டும்போது 1.5 இருந்த இடத்தில் 1.8 உட்காருகிறது என்றால் மவுண்டிங்கும் கியர்பாக்ஸ் தாங்கியும் மாறும், அதற்குத்தான் முழு செட் வாங்கச் சொன்னேன். சம்பு (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) எதிலும் இடிக்காமல், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தாராளமாக விரல் போகும்படி, எஞ்சின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து உட்கார வேண்டும். முதலில் எல்லா போல்டையும் கையால் மட்டும் திருகி, எல்லாம் தன் இடத்தில் நின்ற பிறகு இறுக்குங்கள். துருப்பிடித்த போல்டைத் திரும்பப் போடாதீர்கள், தலையில் 8.8 என்று பொறித்த புது போல்ட் வாங்குங்கள். ஷாஃப்ட் நீளம் மாற்றி வெட்ட வேண்டி வந்தால் வெட்டியதும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்ட வேண்டாம். பின் ஆக்சிலின் கிரவுன் விகிதத்தையும், அதாவது பின் சக்கரங்களின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதையும், பாருங்கள்: கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றது தரையிலேயே இருக்கும்படி கட்டை வைத்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். எஞ்சின் எந்த வண்டியில் இருந்து வந்ததோ அதன் கணக்கோடு ஒப்பிடுங்கள். பழைய 1.5-இன் கிரவுன் அதைவிட அதிகச் சுற்று காட்டினால் ஹைவேயில் எஞ்சின் சும்மா கத்திக்கொண்டே இருக்கும்.

எர்த் வயரை யாரும் மதிப்பதில்லை. எஞ்சினில் இருந்து பாடிக்குப் புதுச் செம்புப் பட்டையாக இரண்டு போடுங்கள், உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு உண்மையில் போயிருப்பது இந்தப் பட்டைதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரம் வேண்டாம். பெட்ரோல் என்றால் காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள், பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். டீசல் என்றால் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது மூடுங்கள். ஓட ஆரம்பித்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்து, சூடேறி தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஓஸ் சுடும் வரை தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், காற்று வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்பிய பிறகு மூடலாம்.

ரோட்டில் சோதிக்க நம்ம மாவட்டத்தில் மேடே கிடையாது என்பது ஒரு சங்கடம். ராமநாதபுரத்தில் இருந்து உச்சிப்புளி வரை தட்டையான ரோட்டில் எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அதனால் முதலில் பக்கத்திலேயே நாலைந்து சுற்று போய் லீக் பார்த்துவிட்டு, பிறகு மத்தியான வெயிலில் ஆள் ஏற்றிக்கொண்டு பாம்பன் ரோட்டுப் பாலத்துக்குப் போங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் நல்ல ஏற்றம், எதிர்க்காற்றும் சேர்ந்தால் எஞ்சினுக்கு உண்மையான சுமை கிடைக்கும். டெம்பரேச்சர் முள் ஏறி நின்றாலும் பாலத்தில் நிறுத்த வேண்டாம், இறங்கியதும் ஓரம் கட்டிப் பாருங்கள். போர் அடித்த எஞ்சின் என்றால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தச் சோதனையே வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மவுண்டிங், எக்சாஸ்ட், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தனுஷ்கோடி வரை போய் வந்தால் அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கழிவு ஆயிலை அடியில் பூசும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பிரேக் ஓஸ் ரப்பரில் பட்டால் ஊதிவிடும். மெழுகு கலந்த அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் போதும், அதையும் மழைக்காலம் தொடங்கும் முன் அடித்துவிடுங்கள்.